குவாசரின் ரேடியோ அலை: கருந்துளையா, விண்மீன்களா?

ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்குவதால் பிரகாசிக்கும் தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மையம்தான் குவாசர். அதன் ரேடியோ அலை அந்தக் கருந்துளையிலிருந்து வருகிறதா, சுற்றியுள்ள மண்டலத்தின் விண்மீன்களிலிருந்தா என்பதுதான் சண்டை. குவாசர்களில் சுமார் 10 சதவீதம்தான் ரேடியோவில் பலமாக ஒளிர்பவை. அவற்றில் சண்டையே இல்லை. 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் தூரத்தைக் கண்டறிந்த 3சி 273-ஐப் பாருங்கள்: மையக் கருந்துளையிலிருந்து கிளம்பிய ஜெட், அதாவது அதிவேகத் துகள் பீச்சு, படத்திலேயே நீண்டு கிடக்கிறது.

மீதிதான் தலைவலி. மங்கல், ஆனால் முழு ஊமை அல்ல.

விண்மீன் கட்சி சொல்வது: கனமான விண்மீன்கள் சீக்கிரமே சூப்பர்நோவாவாக வெடிக்கும், அதிர்வலை எலக்ட்ரான்களை முடுக்கிவிடும், அவை காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலையை உமிழும். கருந்துளைக் கட்சிக்கு ஒரே பதில் கிடையாது: குட்டி ஜெட், கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டிலிருந்து வீசும் காற்று, கருந்துளையை ஒட்டிய கொரோனா என்ற மிகச் சூடான வாயு. இதில் சங்கடம், பெரும்பாலும் இரண்டு பக்கமும் காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களின் அதே உமிழ்வுதான் (சிங்குரோட்ரான் உமிழ்வு).

சரி, எப்படிப் பிரிப்பது? விண்மீன் பிறக்கும் இடங்களில் சூடான தூசி உமிழும் தொலை அகச்சிவப்பும் ரேடியோவும் சேர்ந்தே ஏறி இறங்கும். ரேடியோ மட்டும் மிஞ்சினால் சந்தேகம் கருந்துளை மேல். ஆனால் குவாசரும் தூசியைச் சூடாக்குமே! கணக்கு அங்கே குழம்பும்.

எனக்கு நம்பிக்கை கண்டம் தாண்டி இணைத்த ரேடியோ தொலைநோக்கிகள் மேல்தான். விண்மீன் பிறப்பின் ஒளி ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் பரவிக் கிடக்கும். அதன் பிரகாச வெப்பநிலை, அதாவது ஒளிச்செறிவை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு, சுமார் 1 லட்சம் கெல்வினை அதிகம் தாண்டாது. பல லட்சம் கெல்வினில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் கருந்துளையின் வேலை. புள்ளி தெரியாவிட்டால் மட்டும் விண்மீன்களுக்கு வெற்றி என்று எழுதிவிடாதீர்கள்; பரவிய மங்கல் ஒளி இந்தக் கருவிகளின் கண்ணில் படாது, அது ஜெட்டினுடையதாக இருந்தாலும்.