நம்ம ஊர்த் தமிழில் பேசினார், 18,500 ரூபாய் போனது

18,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாகத் தூக்கத்திலும் அந்த எண்தான் வந்து நிற்கிறது.

பெங்களூரில் நடக்கும் ஒரு கல், படிகக் கண்காட்சியில், போலி ஃபாசில் (கல்லாகிப் போன பழங்கால உயிர்) ஒன்றுக்குப் போன பணம் இது. மைதானம், ஸ்டால் எதன் பெயரையும் எழுதப் போவதில்லை. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் போட என்னிடம் இன்னொரு 18,500 கிடையாது. ராசிக்கல், ஸ்படிக மாலை, அமெதிஸ்ட் என்று நீளும் வரிசையில் ஒரே ஒரு ஸ்டாலில் மட்டும் ஃபாசில் வைத்திருந்தார்கள் என்பது போதும்.

ஒன்றும் தெரியாத ஆள் போய் விழுந்தான் என்றால்கூட மனசு ஆறும். நான் அரியலூர்ப் பக்கம் பிறந்தவன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய அப்பா கொண்டுவந்து போட்ட ஒரு அம்மோனைட்தான் (சுருள் ஓட்டுக் கடலுயிரின் ஃபாசில்) எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கல். அதில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஆனால் அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை, டைனோசர்களின் கடைசிக் காலம். அங்கே தலைகீழாக நின்று தேடினாலும் நான் தேடும் டிரைலோபைட் கிடைக்காது. பூச்சிபோலக் கணுக்கணுவான உடம்பும் ஓடும் கொண்ட கடலுயிர் அது, எனக்குச் சுருக்கமாகப் ‘பூச்சி’. அந்த இனம் அதற்கும் வெகு முன்னால், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துவிட்டது. பெங்களூரில் கேட்கவே வேண்டாம். லால்பாக் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள், அதில் பூச்சியும் கிடையாது புழுவும் கிடையாது. ஆக என்னைப் போன்றவனுக்கு விலைக்கு வாங்குவது ஒன்றுதான் வழி. என்னிடம் இருந்ததோ எல்ராத்தியா என்ற வகை டிரைலோபைட் ஒன்றே ஒன்று, அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் கல், கட்டைவிரல் நகம் அளவு. நண்பர் ஒருவர் வரும்போது கொண்டுவந்தது.

அந்த ஸ்டாலின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது வாலிசெரோப்ஸ் என்ற வகை டிரைலோபைட். மொராக்கோவில் கிடைப்பது, டெவோனியன் காலம், 39 கோடி ஆண்டு சுமாருக்கு வரும். உடம்பெல்லாம் முள், தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு மூன்று முனைக் கவை. சூலாயுதமேதான். பல வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது காதருகே கேட்டது:

“அண்ணா, தமிழா?”

அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். சேலம் பக்கமாம். முப்பது வயதுக்குள் இருக்கும். டீ வரவழைத்தார். அந்தச் சூலம் எதற்கென்று 2023-ல் வந்த ஆய்வைப் பற்றி அவரே ஆரம்பித்தார்: கிஷ்லிக், ஃபோர்ட்டி இருவரும் எழுதியது, காண்டாமிருக வண்டு கொம்பை வைத்துச் சண்டை போடுவதுபோல ஆண்கள் ஒன்றோடு ஒன்று மோதுவதற்காக இருக்கலாம் என்பது. ராசிக்கல் வரிசையில் நின்று ஒருவர் இதைத் தமிழில் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பிறகு சாவிக்கொத்தால் கல்லின் அடிப்பக்கத்தைத் தட்டினார், ணங்கென்றது. கையில் கொடுத்தார், சில்லென்று கனத்தது. ஓரத்தில் ஒரு சொட்டு ஆசிட் விட்டார், நுரைத்தது.

“சுண்ணாம்புக்கல்லுண்ணா. நீங்க அரியலூரு, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

எல்லாம் உண்மைதான். கல் அசல் சுண்ணாம்புக்கல். மேலே உட்கார்ந்திருந்ததுதான் பொம்மை.

இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும் இடத்துக்கு வருகிறேன். என் பையில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் நகைக்கடை லென்ஸ் இருந்தது. மகளின் நெயில் பாலிஷ் ரிமூவரும் பஞ்சும் இருந்தன. சோதிக்கத்தான் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அவர் சரக்கில் பஞ்சைத் தேய்க்கக் கூச்சமாக இருந்தது. தம்பி தப்பாக எடுத்துக்கொள்வாரே என்று ஜிப்பைத் திறக்கவே இல்லை.

விரிசலையும் பார்த்தேன். மொராக்கோவில் தோண்டுபவர்கள் பாறையை உடைத்து, உடைந்த முகத்தில் ஓட்டின் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் இரண்டு துண்டையும் ஒட்டிவிட்டு அப்புறம்தான் மைக்ரோஸ்கோப் வைத்துச் செதுக்குவார்கள். அதனால் அசலில் அந்த ஒட்டுக்கோடு பெரும்பாலும் பூச்சியின் உடம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். என் கல்லில் விரிசல் பூச்சியின் விளிம்புவரை வந்தது, காணாமல் போனது, மறுபக்கம் மறுபடி கிளம்பியது. ஆறு வீட்டுக்கு அடியில் புகுந்து வெளியே வந்த மாதிரி! “என்ன சுத்தமான வேலைப்பாடு” என்று நினைத்தேனே, என் புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது.

25,000 சொன்னார். “நம்ம ஆளுக்கு” 18,500. கார்டு மிஷின் ரிப்பேராம், யூபிஐயில் அவர் சொந்த நம்பருக்கே அனுப்பினேன். பில்லை மடித்துக் கொடுத்தார். நானும் மடித்தபடியே பையில் வைத்தேன்.

ராத்திரி அல்சூரில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் லென்ஸை வைத்தேன். முதுகில் குண்டூசி முனை அளவுக்கு வட்ட வட்டமாகக் குழிகள், பிசின் ஊற்றும்போது சிக்கிய காற்றுக் குமிழிகள். இந்த வகைக்குக் கண்ணில் தனித்தனி வில்லைகள் வரிசையாக நிற்க வேண்டும். அந்த வில்லைகள் கால்சைட், அதனால்தான் இத்தனை கோடி ஆண்டு தாண்டியும் எண்ணிப் பார்க்க முடிகிறது. இதில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்திருந்தார்கள். பஞ்சைத் தேய்த்தேன், காபிக் கலரில் சாயம் வந்தது. ஊசியைக் காய்ச்சி ஒரு முள்ளின் அடியில் வைத்தேன். பிளாஸ்டிக் பக்கெட் எரிகிற நாற்றம். மனைவி சமையலறையிலிருந்து “என்ன கருகுது?” என்றாள். 18,500 ரூபாய் கருகுது என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவே படங்களை அனுப்பினேன். “செக் பண்றேண்ணா.” மறுநாள் காலை, “ரெஸ்டோரேஷன் எல்லா பீஸ்லயும் கொஞ்சம் இருக்கும்ணா.” கொஞ்சமா? சாயத்தைத் துடைத்தால் மிச்சமே இல்லையே! மத்தியானம் பேச்சு மாறியது: “ஊசியில சுட்டுட்டீங்க, டேமேஜ் பீஸை எப்படித் திருப்பி எடுக்கறது?” நேரில் போனேன். ஸ்டாலில் இந்தி மட்டும் பேசும் ஒரு பையன் இருந்தான். அவர் சென்னை போய்விட்டாராம், எப்போது வருவார் என்று தெரியாதாம். சாயங்காலம் கடைசியாக வந்த மெசேஜ், “பில்லைப் பாருங்கண்ணா.” அப்போதுதான் பிரித்தேன். ‘அலங்காரக் கல் - 1’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மொராக்கோ இல்லை, டிரைலோபைட் இல்லை. அதன்பின் ஒற்றை டிக் மட்டும்தான், முகப்புப் படத்தையும் காணோம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பார்ப்போம்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கும் ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. கல்லைச் சோதிக்காதீர்கள், பூச்சியைச் சோதியுங்கள். லென்ஸும் பஞ்சும் வீட்டுக்கு இல்லை, கடைக்கு. பளபளப்பு மட்டும் பஞ்சில் வந்தால் பயப்பட வேண்டாம், அசலுக்கும் மேல்பூச்சு அடிப்பார்கள். நிறம் வந்தால் நடையைக் கட்டுங்கள். ரூபாய் நோட்டுப் பார்க்கும் நீல டார்ச் இருந்தால் அடித்துப் பாருங்கள், ஒட்டுப்போட்ட இடம் தனியாக ஒளிரும். முள் வைத்ததெல்லாம் நாள்கணக்கில் செதுக்கி எடுப்பது, மலிவாக வராது. பில்லில் பூச்சியின் பெயர், ஊர், காலம் எழுதி வாங்குங்கள்.

அவசரமாக எழுதக் காரணம், கண்காட்சி வரும் ஞாயிறுவரை இருக்கிறது. இன்று மதியம் என் மச்சினனை அனுப்பினேன். அதே கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னொரு சூலாயுதம் உட்கார்ந்திருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினான். கல் வேறு, ஆனால் இடப்பக்கம் மூன்றாவது முள் என்னுடையதைப் போலவே நுனி வளைந்து நிற்கிறது. நம்ம சேலத்துக்காரரும் அங்கேயேதான் இருக்கிறாராம். மச்சினன் கன்னடத்தில் விலை கேட்டிருக்கிறான். எடுத்த எடுப்பில் 16,000 சொன்னாராம்.