பழைய மஸ்டாங் டிக்கிக்கு டார்ஷன் பாரா, கேஸ் ஸ்ட்ரட்டா?

1965 மஸ்டாங் கூப்பே மாதிரி வண்டில டிக்கி மூடி மேல நிக்கறதே பின் சீட்டுக்குப் பின்னாடி குறுக்கா போற ரெண்டு டார்ஷன் பாராலதான், முறுக்கின ஸ்டீல் கம்பி திரும்ப நேராகப் பாக்கற விசைதான் மூடியத் தூக்குது, லீக் ஆக ஒண்ணுமே இல்ல, அதனாலதான் பல வருஷம் உழைக்குது. மாட்டறதுதான் கஷ்டம். கம்பி நுனிய லிவர் பைப்ல முறுக்கி பிராக்கெட்ல உக்கார வைக்கணும், வழுக்குச்சுன்னா கை எலும்பு போயிடும், அதனால மூடிக்கு முட்டு கொடுத்துட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு கிளவுஸும் போட்டுட்டு, கூட ஒருத்தர வச்சுக்கிட்டு செய்ங்க ப்ளீஸ். கழட்டும்போது எது எந்தப் பக்கம்னு மார்க் பண்ணிடுங்க.

கேஸ் ஸ்ட்ரட், அதாவது உள்ள அடைச்ச வாயு அழுத்தத்தால மூடியத் தள்ளித் தூக்கற சிலிண்டர், மாட்டறது சுலபம், மூடியும் மெதுவா அழகா எழும்பும். ஆனா உள்ள இருக்கற நைட்ரஜன் சில வருஷத்துல கசியும், குளிர்ல தூக்கற சக்தி குறையும், போல்ட் போடற இடத்துல பழைய தகடு மெலிஞ்சிருந்தா வளைஞ்சே போயிடும்.

வண்டி ஒரிஜினலா இருக்கணும்னா டார்ஷன் பாரேதான் என் ஓட்டு. எது வாங்கினாலும் முதல்ல கீலுக்கு கிரீஸ் போட்டுப் பாருங்க, பாதி நேரம் கோளாறு அங்கதான்.