மேன்முறையீட்டில் வென்ற பிறகும் ஆறு மாதம்: எங்கள் பிரதேச செயலகத்தின் அங்கவீனக் கொடுப்பனவுச் சேவை

5க்கு 2 கொடுக்கிறேன். அந்த இரண்டும் அங்கே இருக்கிற ஒரு பிள்ளைக்காக. மட்டக்களப்பு படுவான்கரையில் எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் எங்களுக்குத் தெரிந்தவர்கள்.

அண்ணா தென்னை மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு உடைந்தவர், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கொடுப்பனவுக்கு முதலில் போட்ட விண்ணப்பம் தகுதி இல்லை என்று திரும்பி வந்தது. வைத்திய அறிக்கையை இணைத்து மேன்முறையீடு செய்தோம், 2025 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டு விட்டதாகச் சொன்னார்கள். அந்த மாதம்தான் அரசாங்கம் கொடுப்பனவை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகக் கூட்டியது. அண்ணி அன்றைக்கே கடைக்காரரிடம் "அடுத்த மாதம் கணக்கை முடிச்சிடுவம்" என்று சொல்லிவிட்டு சலம் சேரும் பையும் பம்பஸும் கடனுக்கு வாங்கி வந்தார். முதல் காசு கணக்கில் விழுந்தது ஒக்டோபரில்.

இடையில் எத்தனை தரம் போனேன் என்று எண்ணவில்லை. பொதுமக்கள் தினம் என்றால் வயலில் வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போவேன். நிர்வாகப் பக்கம் கேட்டால் "தங்கச்சி, லிஸ்ட் கொழும்புக்கு அனுப்பியாச்சு, மறுகா வந்து பாருங்க" என்பார்கள். வங்கிக்குப் போனால் எங்களுக்கு ஒரு லிஸ்டும் வரவில்லை, செயலகத்தில் கேளுங்கள் என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஆனால் இரண்டு பேரில் ஒருவராவது தொலைபேசியை எடுத்து மற்றவரிடம் கேட்டிருந்தால் அது ஐந்து நிமிஷ வேலை.

ஜூலையில் ஒருநாள் ஆளைக் கொண்டு வந்து காட்டச் சொன்னார்கள். ஓட்டோ பிடித்து, இரண்டு பேர் தூக்கி ஏற்றி, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு போனோம். செயலக வாசலில் சாய்தளம் இருக்கிறது, நல்லது, ஆனால் அதன் அடியில் மூன்று மோட்டார் சைக்கிள் நின்றது. அவற்றைத் தள்ளி வைத்து மேலே ஏற்றினால் கவுண்டர் அண்ணாவின் தலைக்கு மேலே இருக்கிறது. உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்து, சரி, ஆள் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அன்று வெயிலில் வந்து போன பிறகு அண்ணாவின் படுக்கைப் புண் மறுபடியும் கசியத் தொடங்கியது. எழுந்து நடக்க முடியாதவரை வரச் சொல்வதற்கு முன் கிராம சேவகரை வீட்டுக்கு ஒருமுறை அனுப்பியிருக்கலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்தப் பிள்ளை. சமூக சேவைப் பகுதியில் புதிதாக வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர், வயது முப்பதுக்குள் இருக்கும். நான் கத்திவிட்டு வெளியே வந்து படியில் இருந்தபோது பக்கத்தில் வந்து, "அக்கா, வாயால கேட்காதீங்க, எழுதிக் கேளுங்க, தகவல் அறியும் சட்டம் இருக்கு" என்றார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பம் கிடைத்ததும் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் தர வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா மாட்டார்களா என்று முடிவைச் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வியை எப்படி எழுதுவது என்பதையும் அவர்தான் சொன்னார்: காசு எப்போது வரும் என்று கேட்காமல், கோப்பு எந்தத் திகதியில் எங்கே அனுப்பப்பட்டது, எந்தத் திகதியில் என்ன காரணத்துக்காகத் திரும்பியது, இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொன்னார்.

பதில் வந்தது, ஒரே பக்கம். கணக்குப் பெயர் பொருந்தவில்லை என்று ஜூன் மாதமே கோப்பு திரும்பி வந்திருக்கிறது. எங்கள் அப்பாவின் பெயர் சின்னத்தம்பி, அடையாள அட்டையில் அது எஸ் எழுத்தில் தொடங்குகிறது, வங்கிப் புத்தகத்தில் சி எச் என்று தொடங்குகிறது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஊரில் பாதிப்பேருக்கு இருக்கிற பிரச்சினைதான். ஒரே ஒரு எழுத்துக்காக அந்தக் கோப்பு மேசையில் கிடந்திருக்கிறது, ஜூலையில் அண்ணாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அங்கேதான் கிடந்திருக்கிறது. கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் கடிதத்தையும் அடையாள அட்டை போட்டோ கொப்பியையும் வங்கியில் கொடுத்தோம், இரண்டு நாளில் திருத்தித் தந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் மேன்முறையீடு ஏற்றுக்கொண்ட கடிதம் வந்திருந்தால், அன்றைக்கே அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். எது கொடுத்தாலும் ஒரு கொப்பியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள், முத்திரை இல்லை என்று சொன்னால் கையொப்பமாவது வேண்டும். எனக்கு அந்த முத்திரைக் கொப்பிகள்தான் கடைசியில் உதவின.

ஒக்டோபரில் அந்த மாதக் காசோடு நான்கு மாத நிலுவையும் சேர்ந்து 50,000 ரூபாய் வந்தது. கடைக்கடன் தீர்ந்தது, அண்ணாவுக்குக் காற்று மெத்தை ஒன்றும் வாங்கினோம். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கான 20,000 இன்னும் வரவில்லை. கேட்டால் கணக்கு அப்போது சரியாக இருக்கவில்லை என்கிறார்கள், அது எங்கள் பிழை இல்லையே. அதற்கும் எழுதிக் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்கிறேன்.