கம்பத்திலிருந்து கோட்டயம்: காருக்குள் யார் எதைப் படிப்பது?

கம்பத்தில் கிளம்பி, குமுளி ஏறி, பீருமேடு, முண்டக்கயம் வழியாகக் கோட்டயம் சேரச் சுமார் 130 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் மலையும் வளைவும் என்பதால், காருக்குள் நான்கு மணி நேரமாவது அடைந்து கிடக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய இரவு எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கும். ஆளுக்கொரு புத்தகமா, எல்லோருக்கும் ஒரே புத்தகமா, அல்லது ஒலிப்புத்தகமா?

ஆளுக்கொன்று என்பதில் முதல் வசதி, சண்டை கிடையாது. அப்பத்தாவுக்குப் பெரிய எழுத்தில் பக்தி மாத இதழ், அம்மாவுக்கு வார இதழ், பையனுக்குச் சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸ். கம்பத்திலிருந்து கூடலூர் வரை இருபுறமும் திராட்சைப் பந்தல். சாலையும் பெரும்பாலும் சமதளம். எல்லோரும் குனிந்து படித்துக்கொண்டே வரலாம். ஆனால் இந்தச் சுகத்துக்கு ஆயுள் அரை மணி நேரம். லோயர்கேம்ப் தாண்டி, மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் பட்டு, வண்டி முதல் வளைவில் திரும்பியதுமே காமிக்ஸ் மடங்கிவிடும். உடல் ஆடுகிறது என்று உட்காது மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ அசையாத எழுத்தைப் பார்த்து, ஒன்றும் ஆடவில்லை என்று சாதிக்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இது அதிகம். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே படித்துவிடலாம் என்பவர்கள் இந்தச் சாலையில் ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

குமுளியோடு வளைவு முடிந்துவிடும் என்று எண்ணவும் முடியாது. வண்டிப்பெரியார், குட்டிக்கானம் எனத் தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றித்தான் பாதை போகிறது. முண்டக்கயம் இறங்கி ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்த பிறகும் நேர்ச்சாலை அபூர்வம். தவிர, தனித்தனி வாசிப்பில் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு என்ன கிடைக்கிறது? பின்னிருக்கையில் யாரோ சிரிக்கும் சத்தம் மட்டும்.

ஒரே புத்தகத்தை ஒருவர் உரக்கப் படிப்பது அடுத்த வழி. எங்கள் வாக்கு இதற்குத்தான். இதற்குத் தொடர்கதையாக வந்த நாவலைவிடப் பொருத்தமானது வேறில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் ‘கல்கி’ இதழில் வந்தது. அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்கவிட வேண்டும் என்று எழுதப்பட்ட அத்தியாயங்கள் அவை. கால் மணி, இருபது நிமிடத்தில் ஓர் அத்தியாயம் முடியும், முடிகிற இடத்தில் காரில் எல்லோரும் “அப்புறம்?” என்பார்கள். நாட்டுடைமை ஆன நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நடுநடுவே அப்பத்தா வழிமறிப்பார். “பழுவேட்டரையர் நல்லவரா, கெட்டவரா? அதை முதலில் சொல்லடா.” சொல்லக் கூடாது என்று பின்னிருக்கையிலிருந்து கூச்சல் எழும். கதையைவிட இந்த வழக்காடல்தான் எனக்குப் பிடித்தமானது.

குறை என்னவென்றால், மற்றவர்கள் தப்பித்தாலும் படிக்கிறவர் தப்ப மாட்டார். வளைவுகளில் முதலில் வாய் மூடுவது அவர்தான். ஆகவே லோயர்கேம்ப் வரை ஒரு தவணை, குமுளியில் தேநீருக்கு நிறுத்தும்போது ஒரு தவணை. மலையேற்றத்தில் வேண்டுமானால் விடுகதை போடலாம்.

ஒலிப்புத்தகம் வளைவுக்கு அஞ்சாது. ஓட்டுபவரும் கேட்கலாம், கண் மங்கிய அப்பத்தாவும் கேட்கலாம். மலையில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்வது நல்லது. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பின்னணியில் இசையைக் கொட்டி, “கதவைத் திறந்தான்” என்பதைக்கூட அரசவைப் பிரகடனம்போல் முழங்கும் குரல்களை என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடிவதில்லை. பாதியில் தூங்கிய பிள்ளை விழித்து “என்ன ஆச்சு?” என்றால் அந்தக் குரல் பதில் சொல்லாது. அப்பத்தாவின் கேள்விக்கும் அப்படியே. இருந்தாலும் குமுளிக்கும் முண்டக்கயத்துக்கும் இடையே வேறு போக்கில்லை.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று, சாலையையே படிப்பது. லோயர்கேம்பில் 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. அவர் கட்டி 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் கதையைச் சொல்ல அதைவிடத் தோதான இடம் ஏது? அந்த அணை நீர்தான் சற்று முன் பார்த்த குழாய்களில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு வைகைக்குப் போகிறது. குமுளிக்கு மேலே பலகைகளில் மலையாளம் ஓங்கிவிடும். தோட்டத் தொழிலாளர்களாக வந்து தங்கிய தமிழர்கள் பீருமேடு வட்டாரத்தில் நிறைய என்பதால், இடையிடையே தமிழ்ப் பலகையும் எட்டிப் பார்க்கும். தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வரும் ஊர்ப்பெயர்களை வைத்து, எந்த எழுத்து எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். தலை நிமிர்ந்து தூரத்தைப் பார்ப்பதால் குமட்டலும் அண்டாது. மலைப்பாதை கண்ணுக்கு அனுமதிக்கும் ஒரே வாசிப்பு இதுதான்.

தனிவாசிப்புக்கு இடம் கோட்டயத்து விடுதி அறை. 1945-இலேயே எழுத்தாளர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்ட ஊர். 1989-இல் முழு எழுத்தறிவு பெற்ற நகரமானது. புத்தகக் கடைக்குப் பஞ்சமில்லை. எல்லையோரப் பள்ளியில் மலையாளமும் கற்கும் அக்காள் மகளுக்கு அங்கிருந்து வெளிவரும் ‘பாலரமா’ சிறுவர் இதழ் ஒன்று வாங்கிக் கொடுத்தால், மறுநாள் காலை வரை அவள் குரலே கேட்காது.

திரும்புகிற பயணம் இரவில் என்றால் வாக்கெடுப்பே தேவையில்லை. உள்விளக்கைப் போட்டால் கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலித்து ஓட்டுபவருக்கு வளைவு சரியாகத் தெரியாது. முழங்குகிற குரலானாலும் ஒலிப்புத்தகம்தான். அதையும் குமுளியிலிருந்து இறங்கும்போது நிறுத்திவிடச் சொல்வார் என் தம்பி.