நிக்கான் மொனார்க் எம்5 8×42: தேர் ரூஜ் சேற்றிலும் எக்ரெத் தீவிலும்

கரையோரப் பறவை பார்க்கப் பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயிஸ் கடை ஒன்றில் 30 மடங்கு வரை பெரிதாக்கும் ஜூம் கருவியை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். அதன் முன்கண்ணாடி 50 மி.மீ. அதை 30-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 1.7 மி.மீ.தான். கை நடுக்கமும் அதே 30 மடங்கு பெரிதாகும். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி உள்ள நிக்கான் மொனார்க் எம்5-இல் அந்த அகலம் 5.25 மி.மீ. விடிந்தும் விடியாத வெளிச்சத்திலேயே இறகின் நிறம் பிடிபடுகிறது.

காவடி முடிந்த வார இறுதியில் அக்காள் மகனுடன் தேர் ரூஜ் கழிமுகத்துக்குப் போனேன். முக்கிய ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் 2001 முதல் உள்ள 26 ஹெக்டேர் இடம். ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வரும் உள்ளான்கள் என்ற கரையோரப் பறவைகள் நம் கோடையை இங்கே கழிக்கின்றன. சேற்றில் எல்லாமே சாம்பல் உருண்டைகள். கூட்டம் முழுவதும் மூக்கு கீழ்நோக்கி வளைந்த வளைமூக்கு உள்ளான் என்று நான் கடந்துபோக இருந்தபோது பையன் கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தி, அந்த ஒன்றுக்கு மூக்கு மேல்நோக்கி வளைகிறது, கால் ஆரஞ்சு" என்றான். டெரெக் உள்ளான்! குட்டைக் காலை வைத்துக்கொண்டு அது ஓடிய ஓட்டம் கண்கொள்ளாக் காட்சி. மூக்கு மேலே வளைகிறதா கீழே வளைகிறதா என்பதில்தான் இந்தக் கருவியின் கூர்மை தெரிகிறது. கொர்பிஜோ என்று நாம் சொல்லும் விம்ப்ரல் (Whimbrel) பறவையின் தலைப்பட்டைகள்கூடத் தெளிவாக இருந்தன. ஆனால் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிச் சேற்றிலிருந்து கானல் எழும்பிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியும் பயன்படாது. மாலையில் வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும்.

எக்ரெத் தீவு இயற்கைக் காப்பகத்தில் கதையே வேறு. புவாந்த் ஜெரோமிலிருந்து படகேறினால் கொஞ்ச நேரத்தில் தீவு. வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். இங்கே பறவைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும். தலையும் கழுத்தும் மட்டும் சிவந்திருந்தால் அது மொரீஷியஸுக்கே உரிய ஃபோடி என்ற சிறு குருவி. கண்ணருகே கறுப்புத் தீற்றலோடு வயிறு வரை சிவந்திருந்தால் வீட்டு முற்றத்துக்கு வரும் கார்தினால். பெண் பறவைகளில்தான் தலைவேதனை: இரண்டும் பழுப்பு, நம் ஃபோடியின் அலகு சற்று மெல்லியது. 1990-களின் தொடக்கத்தில் காட்டில் ஏறத்தாழப் பத்தாகக் குறைந்துபோன இளஞ்சிவப்புப் புறா ஒன்று தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. காலில் மாட்டியிருந்த வண்ண வளையங்களின் வரிசையை மேலிருந்து கீழாகச் சொல்ல முடிந்தது. தனித்தனிப் பறவையை அடையாளம் காண அந்த வரிசைதான் உதவுகிறது. காலடியில் ஓடிய டெல்ஃபேர் அரணையைத்தான் தவறவிட்டேன், ஏனென்றால் 2.5 மீட்டருக்குள் இருப்பது எதுவும் இந்தக் கருவிக்குத் தெளியாது.

மூக்குக்கண்ணாடி அணியும் என் மாமாவுக்கும் முழு வட்டம் தெரிந்தது. எடை 630 கிராம். கழுத்து வார் மட்டும் வேறு அகலமானதாக மாற்றிக்கொண்டேன். தண்ணீர் புகாத அமைப்பு என்பதால் தூறலுக்குப் பயமில்லை. உப்புத் துகளுக்குத்தான் பயப்பட வேண்டும். லென்ஸை ஊதாமல் புடவைத் தலைப்பால் துடைத்தீர்களானால் மேல்பூச்சு கீறிப் போகும்.

குறை என்றால் பார்வைப் பரப்புதான். 6.4 பாகை என்பது பறந்து திரும்பும் உள்ளான் கூட்டத்துக்குப் போதவில்லை. கூட்டம் வட்டத்தை விட்டு நழுவிவிடுகிறது. இதே நிறுவனத்தின் எம்7 8×42-இல் அது 8.3 பாகை. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருக்கிறவர்கள், தேர் ரூஜுக்கே அடிக்கடி போகிறவர்கள், எம்7-ஐ வாங்குங்கள். எக்ரெத் தீவுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் எம்5 தாராளம்.