பழைய மோட்டார்ஹோமின் பின் ஸ்பிரிங்கை மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

எங்கள் மோட்டார்ஹோமின் (படுக்கை, அலமாரி வைத்து வீடுபோல் அமைத்த வேன்) பின்பக்கம் தாழ்ந்து, இரவில் முன்விளக்கு எதிரே வருபவர்களின் கண்ணைக் கூசச் செய்யும் அளவுக்கு முன்பக்கம் நிமிர்ந்துவிட்டதால், மலேசியாவின் பிறை நகரில் உள்ள ஒரு பட்டறையில் பின் லீஃப் ஸ்பிரிங் (எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) இரண்டையும் புதிதாக மாற்றச் சொல்லி 1,800 ரிங்கிட் கொடுத்தோம். கேமரன் மலைக்குப் போய் வந்த சில வாரங்களிலேயே வண்டி பழையபடி உட்கார்ந்துவிட்டது.

பட்டர்வொர்த்தில் லாரி ஸ்பிரிங் வேலையில் ஊறிய ஃபோர்மன் ஒருவர், வண்டியைத் தூக்கி, தகடுகளின் மேலிருந்த புதுக் கறுப்புச் சாயத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினார். சாயத்துக்கு அடியில் துரு அரித்த குழிகள் இருந்தன. கீழ்த்தகட்டின் முனை ஆண்டுக்கணக்கில் உரசியதால் மேல்தகட்டின் அடிப்புறத்தில் விழுந்திருந்த பள்ளமும் தெரிந்தது. முனையோ இப்போது அந்தப் பள்ளத்தை விட்டுச் சற்று விலகி நின்றது. "தம்பி, இது புது சாமான் இல்ல. பழசையே சூடு காட்டி வளைச்சிருக்காங்க" என்றார். ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட்டுகளும் பழையவையே.

ஸ்பிரிங் எஃகை உலையில் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவதால்தான் அதற்கு மீள்திறன் கிடைக்கிறது. கேஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு, மறுபடி பதப்படுத்தாமல் மாட்டினால், வளைவு இருக்கும், பலம் இருக்காது. சரக்கு வேன் பாரத்தை இறக்கிவிட்டு ஓய்வெடுக்கும்; மோட்டார்ஹோமின் ஸ்பிரிங்கிற்கோ அலமாரி, படுக்கை, பேட்டரி என்று ஓய்வே கிடையாது. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தால், நெம்புகோல் விளைவால் அச்சின் மீது அதைவிடக் கூடுதலான பாரம் விழும்.

ஆகவே, பட்டறைக்குப் போகும் முன், தண்ணீர் நிரப்பி, பயணத்துக்குரிய சாமான்களுடன் எடை மேடையில் பின் அச்சைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். அச்சுக்கு அனுமதித்த எடையை அது தாண்டியிருந்தால், சாமானைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை; ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் பொருத்தினால் வண்டி நிமிருமே தவிர அச்சின் தாங்கும் வரம்பு கூடாது. ஸ்பிரிங் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள், அதுவும் உயரத்தை மட்டுமே தரும். சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள பாடியின் வளைவு வரை இரு பக்கமும் அளந்து, அதே பாரத்துடன் வேலைக்குப் பிறகும் அளந்து பாருங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்; கொடுக்கத் தயங்கினாலே சந்தேகப்படலாம். யூ போல்ட் புதிதாக இருக்க வேண்டும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதை மீண்டும் முறுக்க வேண்டும்.

பாரம் அதிகம் ஏற்றியதே காரணம் என்று சொல்லி அந்தப் பட்டறை கைவிரித்துவிட்டது. ரசீதில் "புதிய ஸ்பிரிங்" என்று தெளிவாக எழுதியிருந்ததால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். சாயம் சுரண்டிய அந்தத் தகடுகளையும் படங்களையும் விசாரணைக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.