தனுஷ்கோடியா, செட்டிநாட்டுப் பூட்டிய வீடா?

நாங்கள் ஐந்து பேர். வருடத்துக்கு ஒருமுறை ஆள் புழங்காத கட்டடமாகத் தேடிப் போய்ப் படம் எடுப்போம். இந்த வருடம் மூன்று நாள்தான் லீவு அமைந்தது. தனுஷ்கோடியா, காரைக்குடிப் பக்கமா என்று இரண்டு வாரம் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் காரைக்குடிக்கே போய் வந்தோம். இரண்டு இடத்தையும் முன்பே பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் சண்டையில் என் கைதான் ஓங்கியிருந்தது. இங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

தனுஷ்கோடியின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலும், பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனதும் எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இருப்பவை மாதா கோயில் சுவர்கள், ரயில் நிலையத்தின் இடிபாடு, தண்ணீர்த் தொட்டி, இன்னும் சில. முன்பெல்லாம் மணலில் வேன் பிடித்துப் போக வேண்டும். 2017-ல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. வசதிதான், ஆனால் கூட்டமும் அதே சாலையில்தான் வருகிறது. ஆள் விழாமல் ஒரு படம் வேண்டுமென்றால் விடிந்ததும் முதல் வண்டியாக உள்ளே போக வேண்டும். முன்பு நான் போன அன்று முக்கால் மணி நேரம் கிடைத்தது. அப்புறம் சங்குக் கடைகள் விரிந்தன, செல்ஃபிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

வெளிச்சமும் அவ்வளவுதான் தாங்கும். கூரை இல்லாத சுவர்கள், சுற்றிலும் மணல், இரண்டு பக்கமும் கடல். எட்டு மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை. உப்புக்காற்றில் லென்ஸ் மேல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிசுபிசுப்பு படியும். நண்பன் ஒருவனின் ஜூம் லென்ஸுக்குள் மணல் போய், திருப்பினால் நறநறவென்றது. ஒன்றை மட்டும் மனசாரச் சொல்வேன்: அந்தக் கோயில் சுவர் பவளக்கல்லால் கட்டியது. காலைச் சாய்வெயிலில் கிட்டே போய் எடுத்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் வரிகள் தெரியும். செட்டிநாட்டில் அப்படி ஒரு படம் எடுக்க முடியாது.

செட்டிநாட்டு வீடு நேர் எதிர். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருந்தால் சில வீடுகள் பின்தெருவில்தான் முடியும். நடுவே வளவு வானம் பார்த்துத் திறந்திருப்பதால், தனுஷ்கோடியில் கேமராவை மூடிவைக்கிற உச்சிவேளையில்தான் இங்கே வேலை ஆரம்பம். மேலிருந்து விழும் வெயில் முட்டைவெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவரில் பட்டு, பர்மா தேக்குக் கதவுகள் வரை மெதுவாகப் பரவும். முற்றத்துக்கும் அறைக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம். ட்ரைபாட் வைத்து வெளிச்ச அளவை மாற்றி மாற்றி மூன்று எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்த்தால்தான் இரண்டும் தெரியும். ட்ரைபாட் காலுக்கு ரப்பர் குமிழ் அவசியம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் அது அப்படியே நிற்கும்.

சரி, இதெல்லாம் படம் எடுக்கிற ஆளுக்கான கணக்கு. என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒன்றே ஒன்று. சாவி யாரிடம் இருக்கிறது?

தனுஷ்கோடியில் சாவியே இல்லை. போகலாம், நிற்கலாம், மாலையில் திருப்பி அனுப்பும் வரை சுற்றலாம். செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்குள் நுழையக் குறைந்தது நான்கு போன் பேச வேண்டும். காரணம் அந்த வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கல்யாணமான மகன்கள் ஒவ்வொருவருக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை என்று கட்டிய வீடுகள் அவை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்ததோடு அங்கே செட்டியார்களின் வட்டித்தொழில் சரிந்தது. குடும்பங்கள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் பிரிந்தன. அறைகள் பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்காகிப் பங்காகி, இன்று ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள்கூட இருக்கலாம். போன முறை ஒருவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு போனோம். உள்ளே அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இன்னொரு பங்காளி வந்து வெளியே போகச் சொல்லிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்பனைக்கு நிற்கும் தூண்களும் நிலைகளும் இப்படி யாரோ ஒருவர் வீட்டில் இருந்தவைதானே. கேமராவோடு நுழைகிற ஐந்து பேரை எதற்கு நம்ப வேண்டும்?

இந்த முறை ஆளை மாற்றினோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் முதலில் பேசினோம். "ஆச்சி மதுரையில இருக்காக தம்பி, அவுகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்" என்றார். மூன்று நாள் கழித்து, செருப்பைக் கழற்றிவிட்டு வரலாம் என்று பதில் வந்தது. வருடா வருடம் படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, திறக்கிற வீடு அது.

அந்தப் பெரியவர் கூடவே வந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஜன்னலை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார், நாங்கள் கேட்ட இடத்தில் வெளிச்சம் கிடைத்தது. மாடிக்கு ஏறும்போது, "நடுவுல மிதிக்காதீக, உத்தரம் செல்லரிச்சிருக்கு, சுவர் ஓரமாவே வாங்க" என்றார். மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் உறுதியாகத் தெரிந்தாலும் கீழே தாங்குகிற மரம் உளுத்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? தனுஷ்கோடியில் எந்தச் சுவர் சாயும் என்று சொல்ல யாரும் கூட வருவதில்லை. நண்பர்களைக் கூட்டிப் போகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் மட்டும் முணுமுணுத்தான்: "இது கைவிட்ட கட்டடமே இல்லைடா, பூட்டின வீடு." உண்மைதான். பாழின் அழுத்தம் வேண்டுமென்றால் தனுஷ்கோடிக்கு ஈடு கிடையாது. செட்டிநாட்டில் கூரை இறங்கிய வீடுகளும் உண்டு, ஆனால் அவற்றுக்குள் நாங்கள் போகவில்லை. கேட்க ஆள் கிடைக்காத வீட்டுக்குள் போவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். படத்தோடு ஊர்ப்பெயர் போடுவதில்லை என்பதும் அப்படித்தான். மழைக்காலத்தில் இரண்டு இடத்துக்கும் நான் போனதில்லை. ஐப்பசி மழை வளவில் கொட்டும்போது எப்படி இருக்கும் என்று ஆசை இருக்கிறது, ஆனால் அந்த ஈரத்தில் மாடி ஏறத் துணிவேனா என்பது வேறு.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, போன் பேசிக் காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் தனுஷ்கோடிக்கே போங்கள். ராமேஸ்வரத்தில் இரவு தங்கிவிட்டு இருட்டிலேயே கிளம்பித் தயாராக இருங்கள். லென்ஸ் துடைக்கும் துணி நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு துணி அரை மணி நேரத்தில் உப்பாகிவிடும்.